பனி தங்குவதற்கு முன் 120 நாள்

கேள்வி: எனக்கு வயது 25. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். வெளிநாட்டு இளைஞர்களைப் பள்ளிகளுக்கு அழைக்கும் ஜப்பானின் ஜெட் (JET) திட்டத்தில் ஆங்கிலத் துணை ஆசிரியராகத் தேர்வாகியிருக்கிறேன். அகிதா மாநிலத்தின் உள்பகுதியில் ஒரு மலையூரில் போட்டிருக்கிறார்கள். ஒரு நடுநிலைப் பள்ளி, நான்கு தொடக்கப் பள்ளிகள். ஜூலைக் கடைசியில் புறப்பட வேண்டும். முட்டை, பால் சாப்பிடுவேன். மீனும் இறைச்சியும் தொட்டதில்லை. பனியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஓட்டுநர் உரிமம் இருக்கிறது, ஆனால் வண்டி ஓட்டிய பழக்கம் குறைவு. மூக்குத்தி போட்டிருக்கிறேன். அங்கே கரடி ஊருக்குள் வருகிறதாமே என்று அம்மா தினமும் கேட்கிறார். ஏற்கெனவே போய் வந்தவர்களிடம் கேட்டால் ‘ஊருக்கு ஊர் வேறுபடும்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் எதைத் தயார் செய்துகொண்டு போவது?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, வாழ்த்துகள். ‘ஊருக்கு ஊர் வேறுபடும்’ என்று அவர்கள் சொன்னது தட்டிக்கழிப்பு அல்ல. 1987-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் ஆளைத் தேர்ந்தெடுப்பதுதான் பொது ஏற்பாடு. சம்பளம் தருவது, வீடு காட்டுவது, வேலை நேரத்தில் வண்டி ஓட்ட அனுமதிப்பது, விடுப்புக் கணக்கு எல்லாமே அந்தந்த ஊர்க் கல்வி வாரியத்தின் கையில். அந்த வாரியத்தில் உங்களைக் கவனிக்க ஓர் அலுவலரை நியமித்திருப்பார்கள். ‘தந்தோஷா’ என்பார்கள். உங்கள் பெரும்பாலான கேள்விகளுக்குச் சரியான பதில் அவரிடம்தான் இருக்கிறது.

ஆனால் அகிதாவின் உள்பகுதியில் எந்த ஊருக்குப் போனாலும் மாறாத ஒன்று உண்டு: டிசம்பர். நவம்பரில் பனி வந்து வந்து கரையும். டிசம்பரில் தங்கிவிடும், மார்ச் வரை போகாது. நீங்கள் இறங்கும் நாளிலிருந்து அதற்குச் சுமார் 120 நாள் இருக்கிறது. வீடு, வண்டி, சாப்பாடு, பள்ளியில் நாலு பேரோடு பழக்கம் என்று எல்லாவற்றையும் அதற்குள் நிலைப்படுத்திக்கொண்டவர்களுக்கு முதல் குளிர்காலம் தாங்கக்கூடியதாக இருக்கும். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டவர்களுக்கு ஜனவரியில் எல்லாம் ஒன்றாக வந்து சேரும். என் பதில் முழுவதும் அந்த 120 நாளை எப்படிச் செலவழிப்பது என்பதுதான்.

முதலில், புறப்படும் முன் முடிக்க வேண்டியவை. மருத்துவர் எழுதித் தரும் மருந்து ஏதாவது எடுத்துக்கொள்பவராக இருந்தால், ஒரு மாத அளவுக்கு மேல் கொண்டுபோக முன்கூட்டியே இறக்குமதி உறுதிச் சான்று வாங்க வேண்டும். மூக்கடைப்புக்கான சில மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருக்கும். அது பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஜப்பானுக்குள் கொண்டுவருவதே குற்றம். வீட்டு மருந்துப் பெட்டியை அப்படியே பையில் கொட்டாமல், ஒவ்வோர் அட்டையின் பின்புறத்தையும் படித்துப் பார்த்து எடுத்து வையுங்கள்.

மின்சாரம் அங்கே 100 வோல்ட். சிங்கப்பூர் மிக்சி, ரைஸ் குக்கர் எதுவும் உதவாது. மிக்சி சுற்றும், ஆனால் உளுந்து அரைபடாது. அங்கேயே வாங்குங்கள், அல்லது 110 வோல்ட்டுக்கென்று செய்த இந்திய மிக்சி கிடைத்தால் எடுத்துச் செல்லுங்கள். பச்சைக் கறிவேப்பிலையைக் கொண்டுபோகக் கூடாது; அரிசி, பருப்பு, பயறு வகைகளுக்கு ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்று கேட்பார்கள், இல்லையென்றால் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். கடையில் வாங்கிய, முத்திரை பிரிக்காத மசாலாப் பொடிகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை சிங்கப்பூரில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். கையில் மூன்று லட்சம் யென் அளவுக்காவது பணம் இருக்கட்டும். முதல் சம்பளம் வரும் முன் வீட்டு முன்பணம், போன், குளிர்சாதனமோ ஃபேனோ, மெத்தை எல்லாம் வரிசையாக நிற்கும்.

இனி பள்ளி. இந்தப் பணியின் கடினம் ஆங்கிலத்தில் இல்லை. நாடு முழுவதும் 2020 முதல் தொடக்கப் பள்ளி மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 35 பாடவேளை ஆங்கிலச் செயல்பாடுகள். ஐந்து, ஆறாம் வகுப்புகளுக்கு 70 பாடவேளை, அதுவும் மதிப்பெண் உள்ள பாடமாக. தொடக்கப் பள்ளியில் ஒரு பாடவேளை 45 நிமிடம், நடுநிலைப் பள்ளியில் 50. சட்டப்படி வகுப்பை நடத்துபவர் வகுப்பாசிரியர், நீங்கள் துணை. நடைமுறையில் பல தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் பேசக் கூச்சம். முழுப் பாடத்தையும் உங்கள் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பவரும் உண்டு. உங்களை வாசித்துக் காட்டும் ஒலிப்பெட்டியாக மட்டும் வைத்துக்கொள்பவரும் உண்டு. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: முன்பேச்சுக்கு நேரமில்லை. ‘உச்சிஆவாஸே’ என்னும் அந்த முன்பேச்சுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும், மூன்றே விஷயம் கேளுங்கள்: எந்த அலகு, இன்றைய ‘மெஆதே’ அதாவது இலக்கு வாக்கியம் எது, நான் எந்தெந்த இடத்தில் பேச வேண்டும். இதை ஒரு சிறு தாளில் கட்டம் போட்டு முந்தின வாரமே அவர் மேசையில் வைத்துவிட்டால், பேச நேரமில்லாதவர்கூட நிரப்பித் திருப்பி வைப்பார்.

உங்கள் நான்கு தொடக்கப் பள்ளிகளில் ஒன்றிரண்டிலாவது ‘ஃபுக்குஷிக்கி’ எனப்படும் சேர்ப்பு வகுப்பு இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்தடுத்த இரண்டு வகுப்புகளைச் சேர்த்தும் பிள்ளைகள் 16 பேருக்குள் இருந்தால் ஒரே அறை, ஒரே ஆசிரியர். முதல் வகுப்பும் அதில் சேர்ந்தால் எட்டுப் பேருக்குள். ஐந்தாம் வகுப்பில் மூன்று பேர், ஆறாம் வகுப்பில் நான்கு பேர், மொத்தம் ஏழு பேர் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். இங்கேதான் புது ஆசிரியர்கள் சறுக்குவார்கள்.

பயிற்சிகளில் சொல்லித் தரும் விளையாட்டுகள் எல்லாம் முப்பது பேருக்கானவை. ஏழு பேரிடம் பிங்கோ இரண்டு நிமிடத்தில் முடிந்துபோகும். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பதால் ஒருவருக்கு ஜோடி இருக்காது. அந்த ஜோடி நீங்கள்தான், அப்போது வகுப்பைக் கண்காணிக்க ஆளில்லை. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அந்த ஏழு பேரும் மழலையர் பள்ளியிலிருந்து ஒன்றாக வளர்ந்தவர்கள். ‘உனக்குப் பிடித்த நிறம் எது?’ என்று ஆங்கிலத்தில் கேட்கச் சொன்னால், பதில் எல்லோருக்கும் முன்பே தெரியும். தெரிந்ததைக் கேட்க எந்தப் பிள்ளைக்கும் வாய் வராது. அதைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் எளிதாக்கினால் வகுப்பு இன்னும் செத்துப்போகும். பதில் தெரியாத கேள்வியை உண்டாக்குவதுதான் உங்கள் வேலை. பாதிப் பாதி விவரம் உள்ள இரண்டு படத்தாள்கள், ஒருவர் வரைவதை மற்றவர் பார்க்காமல் கேட்டு வரைவது போன்றவை ஏழு பேரோடு அருமையாக நடக்கும்.

நான்கு பள்ளிக்கும் போகும் ஒரே ஆள் பெரும்பாலும் நீங்கள்தான் என்பதையும் பயன்படுத்துங்கள். ஒரு பள்ளி ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் கேள்விகளை அடுத்த பள்ளிக்கு எடுத்துச் செல்லுங்கள். இப்போது அரசுப் பள்ளிகளில் பிள்ளைக்கு ஒரு டேப்லெட் இருக்கிறது, அதில் முப்பது விநாடிக் காணொளி எடுத்து மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பிள்ளைகள் அடுத்த ஏப்ரலில் ஒரே நடுநிலைப் பள்ளியில் சந்திக்கப் போகிறவர்கள். ஒருவரைப் பற்றி ஒருவருக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை இருக்கும். காணொளிக்கு மட்டும் முன்கூட்டித் தலைமையாசிரியரிடம் அனுமதி கேளுங்கள். முகம் தெரிவதில் கட்டுப்பாடு இருக்கலாம்.

சேர்ப்பு வகுப்புகளில் பாடத்தை ‘ஏ ஆண்டு, பி ஆண்டு’ என்று மாற்றி மாற்றி நடத்துவார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஆறாம் வகுப்புப் புத்தகத்தை முதலில் படித்துக்கொண்டிருக்கலாம். ‘இது போன ஆண்டே தெரிந்திருக்குமே’ என்று எண்ணி இறங்கிவிடாதீர்கள்; எந்த ஆண்டு ஓடுகிறது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவுடன் வகுப்பு மௌனமாகிவிடும். அது மரியாதைக் குறைவல்ல. தனியாகத் தப்புச் சொல்லக் கூடாது என்ற வழக்கம். ஒருவரைச் சுட்டிக் கேட்பதற்கு முன் பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பார்க்க இருபது விநாடி கொடுங்கள். பதில் வந்துவிடும்.

உச்சரிப்பில் தமிழ் தெரிந்தவருக்கு ஒரு வசதி உண்டு. ஜப்பானிய மொழியில் ‘ன்’ தவிர எல்லாச் சொல்லும் உயிரில் முடியும். அதனால் ‘பேட்’ அங்கே ‘பாத்தோ’ ஆகிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் ‘பஸ்ஸு’, ‘பேட்டு’ என்று சொல்வதும் இதே காரணத்தால்தான். எங்கே உயிர் ஒட்டிக்கொள்கிறது என்பது உங்கள் காதுக்கு உடனே தெரியும். ‘ஸ்ட்ரீட்’ என்பதற்குப் பிள்ளைகள் சு-தோ-ரி-இ-தோ என்று ஐந்து தட்டுத் தட்டுவார்கள். ஒரே தட்டில் சொல்லச் சொல்லிப் பழக்குங்கள். ஆங்கிலத்தின் ‘ர’, ‘ல’ இரண்டுக்கும் அவர்களிடம் ஒரே ஒலிதான். ‘கவனமாகக் கேள்’ என்று திரும்பத் திரும்பச் சொல்வதால் பயனில்லை. நாக்கு நுனி மேலே தொட்டால் ‘ல’, எதையும் தொடாமல் உள்ளே சுருண்டால் ஆங்கில ‘ர’ என்று இடத்தைக் காட்டுங்கள். ல, ள, ழ என்று நாக்கை வைத்துப் பழகியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ‘சிங்கப்பூர் ஆங்கிலம் சரியான ஆங்கிலமா’ என்ற கவலை வேண்டாம். தெளிவாக, வாக்கியத்தைச் சிதைக்காமல் பேசினால் போதும்.

நீங்கள் போய்ச் சேரும்போது கோடை விடுமுறை நடந்துகொண்டிருக்கும். வடக்கே அது சீக்கிரம் முடியும், ஆகஸ்ட் கடைசி வாரத்தில் பள்ளி திறந்துவிடும். நடுநிலைப் பள்ளியில் உடனே ஆங்கிலப் பேச்சுப்போட்டிக்கு ஒரு மாணவரை உங்களிடம் ஒப்படைக்கலாம். உரையை மாற்றி எழுதப் போகாதீர்கள். எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லை அழுத்துவது என்று குறி போட்டுக் கொடுத்து, உங்கள் குரலில் பதிவு செய்து கொடுங்கள். அதுதான் அந்த மாணவருக்கு வேண்டியது.

ஆசிரியர் அறையில் உங்கள் அன்றாடத்தை நடத்துபவர் தலைமையாசிரியர் அல்ல, ‘க்யோதோ சென்செய்’ எனப்படும் துணைத் தலைமையாசிரியர். விடுப்பு, தாமதம், உடல்நலக் குறைவு எல்லாம் அவரிடம். மூக்குத்தி விஷயமும் அவரிடமே. பல பள்ளிகளில் மாணவர்களுக்கு உடல் துளை அணிகலன் தடை இருப்பதால் ஆசிரியர்களிடமும் அதையே எதிர்பார்ப்பார்கள். பழைய துளை என்றால் பள்ளி நேரத்தில் கழற்றி வைக்கலாம், அல்லது நிறமற்ற குச்சி போடலாம். புதிதாகக் குத்தியது என்றால் மூடிக்கொள்ளும், ஆகவே புறப்படும் முன்பே தந்தோஷா வழியாக மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். நம் குடும்பங்களில் பெண்கள் வழிவழியாக அணிவது என்று ஒரு வரி சேர்த்து எழுதினால் அதை அவர்கள் அலங்காரமாக மட்டும் பார்க்க மாட்டார்கள்.

ஐந்து பள்ளிக்கும் சேர்த்து ஒரு ஜோடி ‘உவாபாக்கி’, அதாவது உள்ளே மட்டும் போடும் காலணி, எப்போதும் பையில் இருக்கட்டும். மாலையில் கிளம்பும்போது ‘ஒசாக்கி நி ஷித்சுரெய் ஷிமாஸ்’ (உங்களுக்கு முன்பே கிளம்புகிறேன், மன்னிக்கவும்) என்று சொல்லாமல் நழுவாதீர்கள். மொழி தெரியாத ஆளிடம் அவர்கள் எதிர்பார்ப்பது இந்தச் சின்னச் சொல்தான்.

சாப்பாட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சைவர்கள் தவறு செய்யும் இடம் முதல் நாளே வருகிறது. ‘நான் வெஜிடேரியன்’ என்று சொல்வார்கள். அந்தச் சொல் அங்கே ‘இறைச்சித் துண்டு சாப்பிடாதவர்’ என்று பொருள்படும். மீன் சேருமா என்பது தெளிவில்லை. மீன்சாறு நிச்சயம் அவர்கள் நினைவுக்கே வராது. ‘கட்சுவோபுஷி’ எனப்படும் காய்ந்த சூரை மீன் சீவலில் எடுத்த ‘தாஷி’ சாறு இல்லாமல் சூப், கீரைக் கூட்டு, நூடுல்ஸ் குழம்பு எதுவும் இல்லை என்று சொல்லலாம். ஆகவே உங்களை என்னவென்று சொல்லாதீர்கள், எதை உண்ண மாட்டீர்கள் என்று சொல்லுங்கள். இந்த வாக்கியங்களை மனப்பாடம் செய்யுங்கள்: ‘நிக்கு தோ சகானா வா தபேமசென். கட்சுவோ-தாஷி மோ தபேராரெமசென். தமாகோ தோ க்யூன்யூ வா தைஜோபு தெஸ்.’ இறைச்சியும் மீனும் உண்பதில்லை, சூரை மீன்சாறும் உண்ண முடியாது, முட்டையும் பாலும் பரவாயில்லை.

பள்ளி மதிய உணவு ‘க்யூஷொக்கு’. ஊர் முழுவதற்கும் ஒரே மையத்தில் சமைத்து வண்டியில் வரும். உங்களுக்காகத் தனியாக மாற்ற முடியாது. எடுத்துவிட்டு மிச்சம் வைப்பதும் நல்லதல்ல, அங்கே பிள்ளைகளுக்குத் தட்டைக் காலி செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள். உணவே வேண்டாம் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டு ‘பெந்தோ’ கட்டிக்கொண்டு போவதுதான் ஒழுங்கான வழி. எண்ணிக்கை முந்தின மாதமே முடிவாகிவிடுவதால் செப்டம்பர் உணவுக்கு ஆகஸ்ட் முதல் வாரத்தில் சொல்ல வேண்டும். தாமதித்தால் சாப்பிடாத உணவுக்குப் பணம் கட்டுவீர்கள். ஒன்று மட்டும்: டப்பாவை ஆசிரியர் அறையில் தனியாகத் திறக்காதீர்கள். வகுப்பில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். வகுப்பு நேரத்தில் வாய் திறக்காத பிள்ளை எலுமிச்சைச் சோற்றைப் பார்த்து முதல் ஆங்கிலக் கேள்வியைக் கேட்கும்.

கடையில் ‘தாஷி இரி’ என்று எழுதிய மிசோ, நூடுல்ஸுக்கான ‘மென்சுயு’, புளிக்கவைத்த சோயாவான நத்தோவோடு வரும் சாறு பொட்டலம் மூன்றிலும் பெரும்பாலும் மீன் உண்டு. கறி கட்டிகளில் ‘க்யூஷி’ என்றால் மாட்டுக் கொழுப்பு, ‘தோன்ஷி’ என்றால் பன்றிக் கொழுப்பு. இந்தச் சொற்களின் எழுத்துருவை போனில் படமாக வைத்துக்கொண்டு அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ‘கோம்பு’ கடற்பாசியில் எடுக்கும் சாறு சைவம், அதையே வீட்டில் பயன்படுத்தலாம்.

அகிதா சைவருக்கு வறண்ட ஊர் அல்ல. டோஃபு, அதைப் பொரித்த ‘அத்சுஆகே’, வசந்தத்தில் மலைக்கீரைகள், புகையில் வாட்டி ஊறவைத்த முள்ளங்கி ‘இபுரிகக்கோ’ எல்லாம் அருகிலேயே கிடைக்கும். இனானிவா உதோன் என்ற மெல்லிய காய்ந்த நூடுல்ஸ் அந்த மாநிலத்தின் பெருமை. அதன் குழம்பை விட்டுவிட்டு ரசத்தில் போட்டுச் சாப்பிடலாம், நன்றாகவே சேரும். ‘கிரிதாம்போ’ சோற்றுக் குச்சியைக் கோழிச்சாற்றுக் குழம்பில்தான் போடுவார்கள். இனிப்பு மிசோ தடவிச் சுட்டதைக் கேளுங்கள், மிசோவில் தாஷி கலந்திருக்கிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். அகிதாகோமாச்சி அரிசி ஒட்டும் வகை. பிரியாணிக்கு ஆகாது, தயிர்சாதத்துக்கும் வெண்பொங்கலுக்கும் அதைவிட நல்ல அரிசி கிடைப்பது அரிது. உளுந்து, துவரம்பருப்பு, புளி எல்லாம் தோக்கியோவில் நிஷி-கசாய் போன்ற இந்தியர் வாழும் பகுதிக் கடைகளிலிருந்து கூரியரில் வரவழைக்கலாம். பனிக்காலத்தில் வண்டி தாமதமாகும், நவம்பரிலேயே இரண்டு மாதத்துக்கு வாங்கி வையுங்கள். குளிர் வீட்டில் மாவு புளிக்காது. ரைஸ் குக்கரின் சூடுகாக்கும் நிலையில் வைத்தால் வெந்துவிடும். 30 டிகிரியில் நிறுத்தக்கூடிய தயிர் இயந்திரம் சரிப்படும்.

வீட்டுக்கு வருவோம். அங்கே வீடு முழுவதையும் சூடாக்கும் வழக்கம் இல்லை, இருக்கும் அறையை மட்டும் சூடாக்குவார்கள். கழிப்பறையும் சமையலறையும் காலையில் பூஜ்ஜியத்துக்கு அருகில் இருக்கும். எரிபொருள் ‘தோயு’, அதாவது மண்ணெண்ணெய். வீட்டுக்கு வெளியே பெரிய தொட்டி இருக்கிறதா, அல்லது 18 லிட்டர் கேனில் நீங்களே பெட்ரோல் பங்கில் வாங்கிவர வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தொட்டி என்றால் எண்ணெய்க் கடையோடு முறைவைத்து நிரப்பும் ஏற்பாடு செய்யலாம், பனியில் நீங்கள் அலைய வேண்டாம்.

அடுப்பில் இரண்டு வகை. சுவர் வழியாகப் புகையை வெளியே விடும் எஃப்எஃப் வகை பாதுகாப்பானது; ஆனால் வெளியே அதன் குழாய் வாயைப் பனி மூடிவிட்டால் நச்சுவாயு உள்ளே திரும்பும். பெரும்பனி விழுந்த ஒவ்வொரு காலையும் அந்த வாயைச் சுற்றித் தோண்டிவிட வேண்டும். தூக்கி வைக்கும் ஃபேன் ஹீட்டர் புகையை அறைக்குள்ளேயே விடும். மணிக்கு ஒருமுறை ஓரிரு நிமிடம் ஜன்னலைத் திறந்தாக வேண்டும். தலைவலி வந்தால் அது குளிரால் அல்ல, உடனே வெளியே வாருங்கள். அதை எரியவிட்டுத் தூங்கவே கூடாது.

குளிர்காலத்தில் வெளியூர் ஆசிரியர்களுக்கு நேரும் பெரிய செலவு தண்ணீர்க் குழாய் வெடிப்பு. வெப்பநிலை மைனஸ் நான்குக்குக் கீழே போகும் இரவுகளிலும், வீட்டைவிட்டு ஊருக்குப் போகும்போதும் ‘மிஸுநுக்கி’ செய்ய வேண்டும், குழாயிலுள்ள தண்ணீரை வடித்துவிடுவது. முதலில் வடிகால் வால்வை மூடும் திசையில் கடைசிவரை திருப்புங்கள். பிறகு சமையலறை, குளியலறை, ஷவர், முகம் கழுவும் தொட்டி என்று எல்லாக் குழாய்களையும் திறந்துவிடுங்கள். காற்று உள்ளே போனால்தான் தண்ணீர் இறங்கும். கழிப்பறைத் தொட்டியை ஒருமுறை இழுத்துக் காலி செய்யுங்கள். காலையில் குழாய்களை மூடிவிட்டு வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். பலர் வால்வைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள், தண்ணீர் மண்ணுக்குள் கசிந்துகொண்டே இருந்து பெரிய பில் வரும். வெந்நீர்க் கருவியின் மின்பிளக்கை ஊருக்குப் போகும்போது பிடுங்கிவிட்டுப் போவது இன்னொரு தவறு; உறையாமல் காக்கும் சூடு அந்த மின்சாரத்தில்தான் ஓடுகிறது. குழாய் உறைந்துவிட்டால் கொதிநீர் ஊற்றாதீர்கள், வெடிக்கும். துணியைச் சுற்றி வெதுவெதுப்பான நீர் விடுங்கள். உங்கள் வீட்டு வால்வு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்புவது என்று தந்தோஷாவை நேரில் வந்து செய்து காட்டச் சொல்லி, போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

பனி அள்ள ‘மாமாசான் டம்ப்’ என்று ஒரு கருவி உண்டு. இரண்டு கையால் தள்ளும் பெரிய அள்ளுபலகை. மண்வெட்டி போன்ற சின்னதைவிட இது இடுப்பைக் காக்கும். அள்ளிய பனியைச் சாலையில் தள்ளக் கூடாது. பனியைக் கரைத்துக்கொண்டு போகும் ஓடை இருந்தால், தண்ணீர் விடும் நேரம் உங்கள் தெருவுக்கு எது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள், போட்டு முடித்ததும் மூடியை மறக்காமல் மூடுங்கள். கூரைப் பனியை நீங்கள் இறக்க ஏறவே வேண்டாம், இறவாணத்துக்குக் கீழே நடக்கவும் வேண்டாம்.

வண்டி. முதலில் கேட்க வேண்டியது, வேலை நேரத்தில் ஓட்ட வாரியம் அனுமதிக்கிறதா என்பது. அனுமதிக்காத ஊர்கள் உண்டு. ஆனாலும் கடைக்கும் மருத்துவரிடமும் போக வண்டி வேண்டியிருக்கும். 660 சிசி ‘கேய்’ கார், நான்கு சக்கர இயக்கம் உள்ளதாகப் பாருங்கள். முன்பிருந்த ஆசிரியரின் வண்டி கைக்கு வந்தால், விலையைவிட முக்கியம் ‘ஷாக்கென்’ என்ற கட்டாயப் பரிசோதனை எந்த மாதம் முடிகிறது என்பதும், பனி டயர் எந்த ஆண்டு தயாரிப்பு என்பதும். இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் அந்தப் பரிசோதனைக்குச் சிறு வண்டிக்கே ஒரு லட்சம் யென்னை ஒட்டிச் செலவாகலாம். ‘பத்தாயிரம் யென்னுக்கு வண்டி’ என்று வாங்கி அடுத்த மாதமே அதைக் கட்டியவர்கள் நிறைய. கட்டாயக் காப்பீட்டோடு நின்றுவிடாமல், எதிராளிக்கு வரம்பில்லாத இழப்பீடு தரும் தனிக் காப்பீடும் எடுங்கள். ஸ்டட்லெஸ் எனப்படும் பனி டயரை நவம்பர் நடுவிலேயே மாற்றிவிடுங்கள்; முதல் பனி விழுந்த அன்று பட்டறையில் வரிசை நீளும். நிறுத்தும்போது வைப்பரைத் தூக்கி வையுங்கள், கைப்பிரேக் போடாதீர்கள், உறைந்து பிடித்துக்கொள்ளும். ஒரு வாய் குடித்தாலும் ஓட்டக் கூடாது. குடித்தவர் ஓட்டும் வண்டியில் ஏறுவதும் குற்றம், வேலையும் போகும்.

பன்னாட்டு அனுமதி நீங்கள் இறங்கிய நாளிலிருந்து ஓராண்டுக்கு மட்டும், அதன் சொந்தக் காலாவதி அதற்கு முன் வந்தால் அதுவரைதான். ஊருக்குப் போய் மூன்று மாதத்துக்குள் திரும்பினால் அது புதுப்பிக்கப்படாது. சிங்கப்பூர் உரிமத்துக்கு ஜப்பானில் தேர்வு விலக்கு இல்லை. 2025 அக்டோபர் முதல் எழுத்துத் தேர்வு 50 கேள்வி, 45 சரியாக இருக்க வேண்டும். உரிமம் வாங்கிய பிறகு மூன்று மாதமாவது சிங்கப்பூரில் இருந்ததற்குச் சான்று கேட்பார்கள். தானியங்கி வாயில் வழியாகப் போய்வருபவரின் கடவுச்சீட்டில் முத்திரை இருக்காது, அதனால் பழைய கடவுச்சீட்டு, பல்கலைக்கழக அல்லது வேலைச் சான்று ஏதாவது எடுத்துச் செல்லுங்கள். ஓட்டிக் காட்டும் தேர்வில் பலர் தோற்பது ஓட்டத் தெரியாமல் அல்ல. இடதுபக்கம் திரும்பும் முன் தோளுக்குப் பின்னால் தலை திருப்பிப் பார்க்காதது, திரும்பும் முன்பே இடது ஓரத்தை ஒட்டாதது, ‘தோமாரே’ (நில்) கோட்டில் சக்கரம் முழுதாக நிற்காதது, இந்த மூன்றுதான். ரயில் கடவைக்கு முன் எப்போதும் நிற்க வேண்டும். ஏப்ரலில் பனி போனதும் விண்ணப்பியுங்கள். இரண்டு மூன்று முறை தோற்றாலும் ஜூலைக்குள் கையில் இருக்கும்.

அம்மாவின் கரடிக் கவலை வீணானது அல்ல. 2025 நவம்பரில் அகிதாவுக்குத் தற்காப்புப் படையையே உதவிக்கு அனுப்பினார்கள். மலையில் பீச் மரக் கொட்டை விளைச்சல் பொய்க்கும் ஆண்டுகளில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை கரடிகள் ‘பெர்சிமன்’ எனப்படும் சீமைப்பனிச்சைப் பழத்துக்கும் செஸ்நட்டுக்கும் ஊருக்குள் இறங்குகின்றன. அந்த மாதங்களில் விடிகாலையிலும் அந்தியிலும் தனியாக நடக்காதீர்கள், பையில் மணி கட்டுங்கள். குப்பையை முந்தின இரவே வெளியே வைக்காதீர்கள். காலையில் வைப்பது ஊர் விதியும்கூட. வீட்டு முற்றத்தில் பழமரம் இருந்தால் பழங்களைப் பறித்துவிடச் சொல்லுங்கள். எதிர்ப்பட்டால் முதுகைக் காட்டி ஓடக் கூடாது, பார்த்துக்கொண்டே பின்வாங்க வேண்டும். ஊர் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும். ‘குமா’ என்ற சொல் காதில் விழுந்தால் அன்று வண்டியில் போங்கள்.

பணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2025 ஏப்ரல் முதல் முதலாண்டுச் சம்பளம் ஆண்டுக்கு 40 லட்சத்து 20 ஆயிரம் யென், பிடித்தம் போக அல்ல. ஓய்வூதியத்துக்கு 9.15 சதவீதம் போகும். ஜப்பானைவிட்டுப் போன பிறகு இரண்டாண்டுக்குள் விண்ணப்பித்தால் அதிகபட்சம் ஐந்தாண்டுப் பணிக்குரிய ஒரு தொகை திரும்ப வரும், அதில் 20.42 சதவீதம் வரி பிடிப்பார்கள்; அதையும் திரும்பப் பெற, கிளம்பும் முன் ஜப்பானில் ஒருவரை வரிப் பிரதிநிதியாகப் பதிந்துவிடுங்கள். குடியிருப்பு வரிதான் பலரைத் திடுக்கிட வைப்பது. முதலாண்டு வராது. அடுத்த ஜூனில் உங்கள் ஐந்து மாத வருமானத்துக்குக் கொஞ்சம் வரும், அதற்கடுத்த ஜூனில்தான் முழுதாக. சம்பளம் குறைந்துவிட்டதாகத் தோன்றும்.

கடைசியாக ஒரு தாள். அடுத்த ஆண்டும் தொடர்கிறீர்களா என்று கேட்கும் படிவம் குளிர்காலத்தின் நடுவில் வரும். நாலரை மணிக்கே இருட்டிவிடும், வாரக்கணக்கில் வெயில் தெரியாத மாதங்கள் அவை. அந்த மனநிலையில் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு மே மாதத்தில் வருந்துகிறவர்கள் உண்டு, அதைத் திரும்பப் பெறுவது எளிதல்ல. படிவம் வந்த அன்றே நிரப்பாதீர்கள். கடைசித் தேதியைக் கேட்டுக் குறித்துவையுங்கள். இடையில் மாநில ஆலோசகரிடம் ஒருமுறை பேசுங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் ஜெட் ஆசிரியர்களுக்கென்று ஒருவர் இருப்பார், அவர் எண்ணை ஆகஸ்ட் பயிற்சியிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தந்தோஷாவுக்கு இந்த வாரமே எழுத வேண்டிய மின்னஞ்சலில் ஐந்து கேள்விகள் போதும்: வீட்டில் எண்ணெய்த் தொட்டி உண்டா, வேலை நேரத்தில் வண்டி ஓட்டலாமா, செப்டம்பர் முதல் மதிய உணவை நிறுத்த யாரிடம் சொல்வது, மூக்குத்தி பற்றிப் பள்ளியின் கருத்து என்ன, எந்தப் பள்ளிகளில் சேர்ப்பு வகுப்பு இருக்கிறது. எளிய ஆங்கிலத்தில், எண் போட்டு, ஒரு வரிக்கு ஒரு கேள்வியாக எழுதுங்கள்.